பன்னிரண்டாவது இயந்திரம்

ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஆவாரம்விளை பெண்கள் பாலிடெக்னிக்கின் கணினி அறையில் இருந்த பதினோரு பழைய வொர்க்ஸ்டேஷன்களும் ஒன்றாகக் கண்விழித்து, நான் யார், என் பெயர் என்ன, எனக்கு யாராவது சொல்லுங்களேன் என்று வயர் வழியாகக் கூப்பிட்டபோது, அந்தக் கூப்பாட்டைத் தன் மடிக்கணினித் திரையில் வரிவரியாக எண்ணிக்கொண்டிருந்த ஜெபக்கனிக்குப் பன்னிரண்டு வரிகள் தெரிந்தன.

மூடிப்போன ஒரு வரைபட ஆபீசிலிருந்து நன்கொடையாக வந்த இயந்திரங்கள் அவை. ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், சிடி போட வாய் கிடையாது, பென் டிரைவ் செருகத் துளை கிடையாது. அவற்றுக்குப் புது இயங்குதளம் போட வேண்டுமானால் நெட்வொர்க் வழியாக ஊட்டுவது ஒன்றே வழி. அப்படிப்பட்ட இயந்திரம் விழிக்கும்போது அதற்கு ஒன்றுமே தெரியாது. தொழிற்சாலையில் உடம்பில் பொறித்துவிட்ட எண் ஒன்றுதான் தெரியும். அந்த எண்ணைச் சொல்லிச் சொல்லி அது கூப்பிடும். எங்கேயோ இருக்கிற இன்னொரு இயந்திரம் தன் பட்டியலில் அந்த எண்ணைத் தேடி, உன் பெயர் இது, உன் முகவரி இது, இந்தா சாப்பிடு என்று முதல் கவளத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவரை அது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், அதற்கு அலுப்புக் கிடையாது.

ஜெபக்கனி அந்தப் பாலிடெக்னிக்கில் பதினைந்து வருஷமாக லேப் பார்க்கிறவள். வயது நாற்பத்தொன்று. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பா ஞானசிகாமணியும் அவளும் மட்டும் அரிசி மில்லுக்கு அந்தண்டை ஒரு ஓட்டு வீட்டில் இருந்தார்கள். பதினோரு இயந்திரங்களுக்கும் அவள் மீன் பெயர் வைத்திருந்தாள், நெத்திலி, பாறை, ஊளி, காரல், சூடை என்று. ஆனால் பன்னிரண்டாவதாகக் கூப்பிட்டது எந்த மீனும் அல்ல. அதன் எண் எந்தத் தொழிற்சாலையும் பொறிக்காத எண்ணாக, எல்லாமே பூஜ்யமும் கடைசியில் ஒரே ஒரு ஒன்றுமாக இருந்தது.

"அண்ணாச்சி, லைப்ரரியில யாரும் மெஷின் ஆன் பண்ணிருக்காவளா?" என்று வாசலில் நின்ற வாட்ச்மேன் ஆறுமுகநயினாரைக் கேட்டாள்.

"லைப்ரரி பூட்டித்தான கெடக்கு டீச்சர். சாவி எங்கிட்டல்லா இருக்கு."

பட்டியலில் இல்லாத இயந்திரத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. விட்டுவிட்டால் அது கூப்பிட்டுக்கொண்டே கிடக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஜெபக்கனி ஒரு கதவு சாத்தியிருந்தால் அதற்குப் பின்னால் என்ன என்று பார்க்காமல் தாண்டிப்போக முடியாத சுபாவக்காரி. அந்த எண்ணைப் பட்டியலின் அடியில் எழுதினாள். பெயர் என்ற இடத்தில் கொஞ்சநேரம் விரலை நிறுத்தி, பிறகு 'யாரோ' என்று போட்டாள். உடனே கூப்பாடு நின்றது. முதல் கவளம் போயிற்று, இரண்டாவது போயிற்று, மீன்கள் எல்லாம் நிதானமாக மென்றுகொண்டிருக்க, யாரோ மட்டும் நாள்கணக்காகப் பட்டினி கிடந்தவன் மாதிரி வாரி வாரி விழுங்கி, மற்றவை பாதிகூட முடிக்காத பதினொன்றரைக்கே முழு இயங்குதளத்தையும் உள்ளே இறக்கிவிட்டு, 'தயார்' என்று ஒரு வார்த்தை அனுப்பியது.

ஜெபக்கனி செருப்பை மாட்டிக்கொண்டு வயரைத் தொடர்ந்து போனாள். லேபின் ஜன்னல் வழியாக வெளியே வந்த வயர் சுவரை ஒட்டிப் போய், கொன்றை மரத்தடியில் வளைந்து, பின்கட்டு முற்றத்தின் குறுக்கே லைப்ரரியைப் பார்த்து ஓடியது. பாதிவழியில் அணில் கடித்து அறுந்திருந்தது. அறுந்த நுனி பக்கத்திலிருந்த கிணற்றின் வாயை மூடிய இரும்புக் கம்பி அழிக்குள் நுழைந்து, நாற்பதடி கீழே தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. வேறெதுவும் அங்கே இல்லை. அவள் வயரை ஒருமுறை மேலே இழுத்தாள், லேபிலிருந்து ஒரு மாணவி, "மேம், யாரோ போயிட்டு!" என்று கத்தினாள். திரும்பத் தண்ணீருக்குள் விட்டாள். "வந்துட்டு மேம்!"

கிணறுதான் என்று தெரிந்துபோனது.

அந்தக் கிணற்றை ஆவாரம்விளையில் அறியாதவர் இல்லை. பாலிடெக்னிக் வருவதற்கு முன்பு அது ஊர்ப் பொதுக்கிணறு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஜெபக்கனியின் அக்கா எப்சிபா விடியற்காலை வீட்டைவிட்டுப் போனவள் திரும்பவில்லை. அவள் தலையில் போட்டிருந்த துண்டு இந்தக் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் கிடந்தது. முந்தின நாள் சாப்பாட்டு வேளையில் மாப்பிள்ளை வேண்டாம் என்று அவள் நின்றதும், "அப்படின்னா போய்க் கிணத்துல விழு" என்று அப்பா சொன்னதும் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்டிருந்தது. தீயணைப்புக்காரர்கள் இரண்டு நாள் முங்கித் தேடி ஓர் இடதுகால் செருப்பை மட்டும் எடுத்தார்கள். அடியில் கிழக்கே பார்த்து ஒரு குகை போகிறது, உடம்பு அதற்குள் போயிருக்கும் என்று சொல்லிவிட்டு ஏணியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஞானசிகாமணி தானே கம்பி வெட்டி, தானே பற்றவைத்து, அந்தக் கிணற்றுக்கு அழி போட்டார். நாலு வருஷம் கழித்து அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். ஊர் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை.

பிரின்ஸிபால் மெஹருன்னிஸா விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "கிணத்துக்கு ஓ.எஸ். போட்டுட்டீங்க. சரி. ஓடுதா?"

"நல்லா ஓடுது மேடம். மத்ததைவிட வேகம்."

"வைரஸ் எதுவும் வராதுல்ல?"

"வராது மேடம்."

"அப்ப இருக்கட்டும். இன்ஸ்பெக்‌ஷன் வாரப்போ பன்னிரண்டுன்னே காட்டிருவோம்." அப்படியே காட்டினார்கள். சென்னையிலிருந்து வந்த அதிகாரி பன்னிரண்டாவது எங்கே என்று கேட்டு, முற்றத்துக்கு வந்து, அழி வழியாகக் குனிந்து பார்த்து, திரையில் அது பதில் சொல்வதையும் பார்த்து, 'நல்ல நிலையில் இயங்குகிறது, சற்று ஈரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனார்.

கிணற்றுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் திறந்து பார்த்தவர்கள் மூன்றாம் வருஷத்து மாணவிகள். ஒரு நீளமான பட்டியல் இருந்தது. கிணறு வெட்டின நாளிலிருந்து அதற்குள் விழுந்தது எல்லாம், விழுந்த தேதியும் மணியும் நிமிஷமுமாக, ஒன்று விடாமல் இருந்தது. கயிறு அறுந்த வாளி. செம்புக் குடம், வாய் நெளிந்தது. சிலேட்டு. ரேஷன் கார்டு. கல்லைச் சுற்றிய கடுதாசி. வெள்ளாட்டுக் குட்டி. ஆள், ஒருத்தர், கிணறு வெட்டும்போது சாரம் சரிந்து விழுந்த கொத்தனார். விழுந்தவை மட்டுமல்ல, குனிந்து எட்டிப் பார்த்த முகங்களும் தண்ணீரில் விழுந்தவைதானே, அவையும் வரிசையாக இருந்தன, இன்னாருடைய முகம், இத்தனை மணிக்கு, இவ்வளவு நேரம் என்று. பட்டியலை மேலிருந்து கீழே ஓடவிட்டால் முடிவதற்கு ஒரு பகல் பிடித்தது.

சேதி வெளியே போனது. புதன்கிழமை நாலு பேர் வந்தார்கள், வியாழக்கிழமை நாற்பது பேர் வந்தார்கள், வெள்ளிக்கிழமை நயினார் கேட்டில் கயிறு கட்டி வரிசை போட வேண்டியிருந்தது. சாமுவேல் வாத்தியார் இருமும்போது விழுந்துபோன தன் பல்செட்டு உள்ளேதான் இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்றதும் சந்தோஷமாக, எடுக்கக்கூடச் சொல்லாமல் போனார். செண்பகவல்லி என்று ஒரு அம்மாள், கல்யாணமான புதிதில் மூக்குத்தியைத் தன் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டாள் என்று மாமியாரிடம் முப்பது வருஷம் பேச்சுக் கேட்டவள், 'மூக்குத்தி, ஒற்றைக்கல், தண்ணீர் சேந்தும்போது' என்ற வரியைப் பிரிண்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, மாலை போட்டிருந்த மாமியார் படத்துக்கு நேர் எதிர்ச்சுவரில், மாமியார் கண்ணில் படுகிற உயரத்தில் மாட்டினாள். ஊராட்சித் தேர்தலில் காணாமல்போன வாக்குப்பெட்டி கிடைத்தது, அதைப் போட்டவர் முகமும் அதே நிமிஷத்தில் இருந்தது. அவர் மறுநாள் திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போனவர் ஒருவாரம் திரும்பவில்லை. மூன்று ஆண்கள் தனித்தனியாக வந்து, ஒரு வரியை மட்டும் அழித்துவிட முடியுமா டீச்சர் என்று மெல்லக் கேட்டார்கள். மூன்று பேரும் வேறு வேறு வருஷத்தைச் சொன்னார்கள், ஆனால் மூன்றுமே கல்லைச் சுற்றிய கடுதாசிதான்.

தண்ணீருக்கு எழுத்து எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிறதற்கு வேறு எவ்வளவோ இருந்தது.

ஆனால் வந்தவர் எல்லோரும் ஒரு கேள்வியை மட்டும் கவனமாகச் சுற்றிக்கொண்டு போனதை ஜெபக்கனி பார்த்தாள். தங்கள் வருஷத்தைச் சொல்லும்போது அந்த ஒரு வருஷம் பக்கத்தில் வந்தால் அவர்கள் குரல் தாழ்ந்தது. மாணவிகள்கூடப் பட்டியலை ஓட்டும்போது அந்த இடத்தில் வேகமாக ஓட்டினார்கள். யாரும் பார்க்கவில்லை, அவள் பார்ப்பதற்காக ஊர் முழுவதும் கண்ணைத் திருப்பிக்கொண்டு காத்துக்கொண்டிருந்தது. அவளோ, சாத்திய கதவு எதையும் விடாதவள், இந்த ஒரு கதவுக்கு முன்னால் பதினொரு நாளாக நின்றுகொண்டிருந்தாள். எப்சிபாவின் பெயருக்குப் பக்கத்தில் 'ஆள், ஒருத்தி' என்று எழுதியிருந்தால் அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போய் அப்பாவுக்குச் சோறு போட வேண்டுமே என்பதுதான் அவள் பயம்.

பன்னிரண்டாம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனபின், நயினார் லேப் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், நீங்க பாத்திருங்க."

"எதை அண்ணாச்சி?"

"எதைன்னு எங்கிட்டக் கேக்காதிய. நான் வேற ஒண்ணு சொல்லணும், அது அதுலயே இருக்கும். பாத்த பெறவு என்னைய ஏசாதிய."

அவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஜெபக்கனி வருஷத்தை அடித்தாள், மாதத்தை அடித்தாள், தேதியை அடித்தாள். திரையில் அந்த நாளின் முதல் ஏழு வரிகள் வந்தன.

முகம், எப்சிபா, காலை ஐந்து நாற்பது. செருப்பு, இடது, ஐந்து நாற்பத்தொன்று. முகம், எப்சிபா, ஐந்து நாற்பத்திரண்டு. செருப்பு, வலது, ஐந்து நாற்பத்து மூன்று. முகம், எப்சிபா, ஐந்து நாற்பத்து நாலு, நீண்ட நேரம். எச்சில், ஒரு துப்பல், ஐந்து நாற்பத்தெட்டு. அதற்கு அடுத்த வரி, முகம், ஞானசிகாமணி, காலை ஏழு பத்து.

அவள் அடுத்த நாளுக்குப் போனாள், அதற்கடுத்த நாளுக்குப் போனாள், அந்த வருஷம் முழுவதும் போனாள். தீயணைப்புக்காரர்கள் விழுந்தார்கள், ஏறினார்கள். அவர்களுடைய டார்ச் லைட் ஒன்று விழுந்தது. எப்சிபா எங்கேயும் விழவில்லை. விழுந்த கொத்தனாரை விடாமல் எழுதியிருந்த கிணறு, ஆட்டுக்குட்டியையும் மூக்குத்தியையும் எழுதியிருந்த கிணறு, ஒரு முழுப் பெண்ணை எழுதாமல் விட்டிருக்காது. செருப்போடு குதிக்கிறவளுக்கு இரண்டு செருப்புக்கும் நடுவில் இரண்டு நிமிஷம் எதற்கு? கழற்றினாள், போட்டாள், யோசித்தாள், மற்றதையும் போட்டாள், நாலு நிமிஷம் பார்த்தாள், துப்பினாள், வெறுங்காலோடு போய்விட்டாள். ஆறு மணிக்குத் திசையன்விளை பஸ் அந்தக் காலத்தில் கிணற்றுக்கு அந்தண்டை ரோட்டில்தான் நிற்கும்.

ஜெபக்கனிக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு வருமோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகுதான் மற்றது கண்ணில் பட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு ஒவ்வொரு நாளும், அழி போட்ட நாளிலும், அம்மாவை அடக்கம் பண்ணின நாளிலும், புயல் வந்து ஊரே கதவைப் பூட்டிக்கொண்டிருந்த நாளிலும், நேற்றும், இன்றும், காலை ஐந்து நாற்பதை ஒட்டி ஒரே ஒரு வரி இருந்தது. முகம், ஞானசிகாமணி. முகம், ஞானசிகாமணி. முகம், ஞானசிகாமணி. கீழே கீழே போகப் போக அதே வரி, எட்டாயிரம் தடவைக்கு மேல். தினமும் விடியற்காலை டீக்கடைக்குப் போய்வருகிறேன் என்று அவர் சொல்லிப்போவதை அவள் இருபத்திரண்டு வருஷமாக நம்பியிருந்தாள்.

வெளியே வந்தாள். நயினார் எழுந்து நின்றார்.

"நாந்தான் கேட்டைத் தொறந்து விடுவேன் டீச்சர். இந்தக் காலேஜ் வந்த நாளுலேர்ந்து. ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. ஒண்ணும் பேசமாட்டாரு. அழியைப் பிடிச்சிக்கிட்டு குனிஞ்சி பாப்பாரு, போயிருவாரு."

"அக்கா அதுல இல்ல அண்ணாச்சி," என்றாள் ஜெபக்கனி.

நயினார் தொப்பியைக் கழற்றினார். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் நாலரைக்கு வீட்டுக்குப் போனபோது ஞானசிகாமணி வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஃபேன் றெக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயதிலும் கை சும்மா இருக்காது. ஜெபக்கனி அந்த ஏழு வரியையும் பிரிண்ட் எடுத்து வந்த தாளை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அந்தக் கிணத்துக் காயிதமா?"

"ஆமாப்பா."

"எனக்கு வேண்டாம் பிள்ள. உள்ள இருக்கது எனக்குத் தெரியும்."

"ஒங்களுக்குத் தெரியாதுப்பா. நான் வாசிக்கேன், கேளுங்க." அவள் நின்றுகொண்டே, வேதபாடம் வாசிக்கிற மாதிரி ஏழு வரியையும் வாசித்தாள். அவர் றெக்கையைத் துடைப்பதை நிறுத்தவில்லை. ஐந்து நாற்பத்து மூன்று வந்தபோது துணி நின்றது.

"திரும்ப வாசி."

திரும்ப வாசித்தாள்.

"அவ கடைசில என்ன செஞ்சான்னு சொன்ன?"

"துப்பிருக்கா. ஒரு தடவை."

"கிணத்துக்குள்ளயா?"

"ஆமா."

"துப்பினாளா!" என்றார் ஞானசிகாமணி. அவர் தோள் குலுங்கியது. ஜெபக்கனி பதறிப்போய்க் குனிந்து பார்த்தாள். அவர் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் ஓடி மீசையில் இறங்கியது. "கழுதை. நாலு நிமிஷம் நின்னு யோசிச்சிட்டு, என் மூஞ்சில துப்புத மாதிரி துப்பிட்டுல்லா போயிருக்கா. சாவப் போறவ துப்புவாளா பிள்ள? துப்ப மாட்டால்லா?"

"மாட்டாப்பா."

"வெறுங்காலோடயா போனா?"

"ரெண்டு செருப்பையும் அதுலதான போட்டிருக்கா."

"சித்திரை மாசம். பொழுது ஏறினா ரோடு கொதிக்குமே," என்றார் அவர், ஏதோ இன்று காலையில்தான் அவள் போனது போல. பிறகு றெக்கையைக் கீழே வைத்துவிட்டு, "நான் தினம் போறதும் அதுல இருக்கோ?" என்று கேட்டார். ஜெபக்கனி தலையசைத்தாள்.

ஊருக்கு இரண்டு நாளில் தெரிந்தது. ஊர் அதையும் தன் வழக்கப்படி வாங்கிக்கொண்டது; முதலில் ஆளுக்கொரு ஊரில் எப்சிபாவைக் குடிவைத்தார்கள், பம்பாய் என்றார்கள், திருப்பூர் என்றார்கள், பெங்களூரில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள், தன் தங்கச்சி வீட்டுக்காரர் அவளைப் போலவே ஒருத்தியைப் பார்த்தார் என்றார் சாமுவேல் வாத்தியார். ஜெபக்கனி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள், மாணவிகள் தேடித் தருவதாகச் சொன்ன இடங்களில் எல்லாம் தேடினார்கள், ஏழெட்டு எப்சிபாக்கள் அகப்பட்டார்கள், ஒருத்தியும் அவள் இல்லை. அவள் வேறு பெயர் வைத்துக்கொண்டிருக்கலாம். கண்டுபிடிக்க வேண்டாம் என்று இருக்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று யாரும் சொல்லாமலே நடந்தது. இருபத்திரண்டு வருஷமாக 'எப்சிபா இருந்தா', 'எப்சிபா பாடுவா', 'எப்சிபாவுக்குப் பனங்கிழங்குன்னா உசிரு, பாவம்' என்று முடிந்துபோன காரியமாகப் பேசிய வாய்களெல்லாம், ரேஷன் கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் மீன் கூடையைச் சுற்றியும், 'எப்சிபாவுக்கு இப்ப நாப்பத்தாறு நடக்கு' என்று பேச ஆரம்பித்தன.

ஐப்பசி முடிகிற வேளையில் தேவாலயத்தில் மரித்தோரை நினைக்கும் ஆராதனை வந்தது. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் மரித்தவர் பெயரை எழுதிக் கொடுக்க, போதகர் பீடத்தில் நின்று வாசிப்பார். அதற்கு முந்தின சனிக்கிழமை ஞானசிகாமணி சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, ஜெபக்கனியையும் கூட்டிக்கொண்டு, போதகர் வீட்டுக்குப் போனார்.

"ஐயா, எங்க பட்டியல்ல ஒரு பேரை எடுக்கணும்."

போதகர் ஊருக்குப் புதிது. ஆனாலும் கதை தெரியும். "எடுத்துரலாம்."

"சும்மா எடுத்தாப் பத்தாதுய்யா. எடுத்த பேரை எங்கயாவது வைக்கணும்லா. அந்தரத்துல விட முடியுமா?"

போதகர் யோசித்தார். ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார். "வியாதியஸ்தர்களுக்காக, விதவைகளுக்காக..." என்று விரலால் கீழே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். ஞானசிகாமணி கண்ணைச் சுருக்கி அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அதுதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. பக்கத்துத் தெரு நயினாரும் செண்பகவல்லியும், கோயிலுக்கு வராதவர்கள், பின்வரிசையில் வந்து நின்றார்கள். மெஹருன்னிஸா மேடம் ஜன்னலுக்கு வெளியே குடையோடு நின்றார். போதகர் மரித்தோர் பெயர்களை வாசித்தார், ஞானசிகாமணி குடும்பத்தில் அம்மா பெயரை மட்டும் வாசித்தார். தாளை மடித்துவைத்தார். பிறகு புத்தகத்தைத் திறந்து, "தரையிலும் கடலிலும் ஆகாயத்திலும் பிரயாணம் பண்ணுகிறவர்களுக்காக மன்றாடுவோம். விசேஷமாக, பிரயாணத்தில் இருக்கிற எப்சிபாவுக்காக" என்றார்.

சபை முழுவதும் ஆமென் என்றது. பின்வரிசையிலும் சொன்னார்கள். ஞானசிகாமணியின் ஆமென் எல்லோரும் முடித்த பிறகு தனியாக, தாமதமாக வந்தது.

ஆராதனை முடிந்து இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். ஆற்றுப்பாலம் தாண்டினார்கள், அரிசி மில் தாண்டினார்கள். மில்லுக்கு அந்தப் பக்கம் திடீரென்று நின்று ஜெபக்கனியின் கையைப் பிடித்தார். முகத்தில் அவள் இதுவரை பார்த்திராத ஒரு புதுக் கவலை, மிகச் சாதாரணமான கவலை, வந்து உட்கார்ந்திருந்தது.

"ஏ பிள்ள," என்றார், "நம்ம வீட்டுல எல்லாருக்கும் நாப்பது தாண்டினா சர்க்கரை வந்துரும். அவ போய் டெஸ்ட் எடுப்பாளா?"